தொண்ணூறுக்குப் பக்கம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன தாளைப் படித்தேன். என் பணி நிறைவு விழாவில் நான் பேச வேண்டியதை நீயே இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதியிருக்கிறாய். உடன் வேலை பார்த்தவர்களுக்கு நன்றி, பிள்ளைகளுக்கு வாழ்த்து, எல்லாம் சரிதான். நடுவில் ஒரு வரி வருகிறது: "என் பணிக்காலத்தில் அறியாமல் மனவருத்தம் ஏற்படுத்தியிருந்தால் மேலதிகாரிகள் பொறுத்தருள வேண்டும்." இந்த வரியை நான் படிக்க மாட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்னதும் காதில் விழுந்தது. "நானும் இப்ப அதே டிபார்ட்மெண்ட்ல துணை ஆய்வாளரா போறேனுங்கம்மா. அந்தப் பழைய கதைய மேடையில எடுக்க வேண்டாமுங்க" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடிவிட்டாய். நேரில் சொல்ல விடாததால் எழுதுகிறேன். உன் இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். வேறு யாருக்காவது எழுதிக் கொடுக்க உனக்குப் பயன்படும்.

அந்தக் கதையை நீ என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அப்போது உனக்கு எட்டு வயது. வேறு பள்ளியில் படித்தாய். "உங்கம்மா ஹெட்மாஸ்டரோட சண்டை கட்டி மாத்தலாயிட்டா" என்று தெருவில் சொன்னதைத்தான் நீ கேட்டு வளர்ந்தாய். பிள்ளையை விட்டுவிட்டு ரோஷத்துக்காகப் போனவள் என்று உன் மனதில் ஒன்று பதிந்திருக்கிறது. அதைத் துடைக்கக் கெஞ்சி எழுதுகிற கடிதம் இல்லை இது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நாளைக்கு நீ பள்ளி பள்ளியாக ஏறி இறங்கப் போகிறவன். உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் என் தப்பிலிருந்து தொடங்குகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை அடிப்பேன். கணக்குத் தப்பினால் பிரம்புதான். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அதில் துரைசாமி என்று ஒருவன், மூன்றாம் வகுப்பு. முப்பத்தெட்டையும் ஐம்பத்து மூன்றையும் கூட்டச் சொன்னேன். சிலேட்டில் 811 என்று எழுதிக்கொண்டு வந்தான். கையை நீட்டச் சொல்லி இரண்டு போட்டேன். அழுதுகொண்டே சிலேட்டைத் திருப்பிக் காட்டினான். "டீச்சர், எட்டும் மூணும் பதினொண்ணு. மூணும் அஞ்சும் எட்டு. சரியாத்தானுங்க கூட்டியிருக்கறேன்" என்றான். பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஒவ்வொரு வரிசையையும் கூட்டியிருக்கிறான். பதினொன்றில் பத்தைப் பக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான். ஆனால் எண்ணூற்றுப் பதினொன்று எவ்வளவு பெரியது என்பது அவனுக்குத் தெரியவே இல்லை. தெரியாதது அவன் குற்றமா?

பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "சாமி, உங்க தெருவுல முப்பத்தெட்டு ஊடு. பக்கத்துத் தெருவுல அம்பத்திமூணு ஊடு. ரெண்டு தெருவையும் சேத்துனா எண்ணூறு ஊடு வருமா?" கண்ணில் நீர் காயாமலேயே சிரித்துவிட்டான். "எண்ணூறுன்னா பாதி ஊரே வந்துருமுங்க டீச்சர்." "அப்ப எவ்வளவு வரும்?" சிலேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முப்பத்தெட்டு நாப்பதுக்குப் பக்கம். அம்பத்திமூணு அம்பதுக்குப் பக்கம். தொண்ணூறு வருமுங்க." பிறகு அவனே சிலேட்டை அழித்துவிட்டு மறுபடி கூட்டினான். தொண்ணூற்றொன்று வந்தது. நான் அடித்த அடி அவன் கையில் சிவந்திருந்தது. அன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் டீச்சர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. எந்தக் கணக்கானாலும் போடுவதற்கு முன்னால் விடை எதற்குப் பக்கம் வரும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பலப்பத்தைத் தொடலாம். போட்டு வந்த விடை சொன்னதற்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் எங்கோ வழுக்கிவிட்டது என்று அர்த்தம். யாரும் அடிக்காமலே திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். பக்கத்துப் பத்து எது என்பதைக் கற்றுக்கொடுக்கத் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டேன். ஒரு முனை நாற்பது, மறுமுனை ஐம்பது, நடுவில் ஒன்பது புள்ளி. நாற்பதுதான் திருப்பூர், ஐம்பதுதான் காங்கேயம். "பஸ்ஸு நாப்பத்தி மூணுல நின்னுபோச்சு. எந்த ஊருக்கு நடப்பீங்க?" எல்லோரும் திருப்பூருக்கு ஓடுவார்கள். "நாப்பத்தியேழுல?" காங்கேயத்துக்கு ஓடுவார்கள். ஒருநாள் நாற்பத்தைந்தில் நிறுத்தினேன். வகுப்பே இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஒரு சிறுமி மட்டும் நகராமல் நின்றாள். அவள்தான் ஜைனம்பு. அவளுடைய அத்தா காதர் பாய் பனியன் துணி பின்னுகிற மிஷினில் வேலை. அவள் சொன்னாள்: "ரெண்டும் ஒரே தூரம்தானுங்க டீச்சர். காங்கேயம் போகத்தானே கெளம்புனோம், முன்னாலயே போயிரலாமுங்க." ஐந்து வந்தால் ஏன் மேலே போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குப் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு அது பைத்தியமாகவே பிடித்துவிட்டது. வண்டியில் பனியன் பெட்டி போனால் எத்தனை இருக்கும் என்பார்கள். ஒரு வரிசையை எண்ணி, வரிசைகளை எண்ணி, மனதுக்குள் பெருக்கிச் சொல்வார்கள். ஜைனம்புவுக்குக் கண் ஒரு தராசு மாதிரி. தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "கணக்குல ஏம்மா பக்கம், தூரம்? ஒண்ணு சரி, இல்லீனா தப்பு. சந்தைக் குத்துமதிப்பெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள எதுக்கு?" என்பார். நான் சிரித்துக்கொண்டு போய்விடுவேன்.

ஜைனம்பு என் வகுப்பில் இருந்த அந்த வருஷம்தான் பள்ளியில் மதியச் சாப்பாடு நல்லபடியாக நடக்கத் தொடங்கியிருந்தது. பெயருக்குத்தான் நல்லபடி. சோறு எண்ணிப் பொறுக்கலாம் போல இருக்கும். குழம்பில் தட்டின் அடி தெரியும். இரண்டாவது முறை கேட்ட பிள்ளைக்குக் கரண்டிக் காம்பைக் காட்டுவாள் சமையல்காரம்மா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கொடுத்ததைத்தானே அவள் ஆக்க முடியும்? பசியோடு வருகிற பிள்ளைகள் பசியோடுதான் எழுந்து போனார்கள். எனக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பள்ளியைச் சோதிக்க ஆய்வாளர் ஒருவர் வந்தார். அன்று காலை என் வகுப்பில் அரைமணி நேரம் இருந்தார். பிள்ளைகள் விடைக்கு முன்னால் "பக்கம்" சொல்வதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். மணி அடித்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் விளையாட்டாக ஜைனம்புவைக் கூப்பிட்டார். "எங்கே, உங்க டீச்சர் சொல்லிக் குடுத்த வித்தையக் காட்டு. எண்ணாம சொல்லு, இங்க எத்தனை பேரு சாப்பிட உக்காந்திருக்காங்க?" அவள் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். "வரிசைக்குப் பத்துப் பேருக்குப் பக்கம். ஒம்பது வரிசை. தொண்ணூறுக்குப் பக்கமுங்க சார்." ஆய்வாளர் தலைமையாசிரியரைப் பார்த்தார். "பதிவேட்டுல எவ்வளவு?" அவர் தயங்கவே இல்லை. "நூத்தி நாப்பத்திரெண்டுங்க சார்." ஆய்வாளர் சிரித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களாம்மா? அம்பது பேரு காணாமப் போயிட்டாங்க உங்க குத்துமதிப்புல. இதுக்குத்தான் கணக்குன்னா கணக்கா இருக்கணும்கறது."

ஜைனம்பு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எண்ணிப் பாருங்க சார்" என்றாள்.

ஒரு வரிசையை எண்ண எத்தனை நேரம் ஆகும்? ஒன்பது வரிசைக்கும் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு" என்றார். கார் கிளம்பிப் போயிற்று.

இப்போது என் பெரிய தப்பைச் சொல்கிறேன். நான் எண்ணியிருந்தேன். அவள் அண்ணாந்து பார்த்து நின்ற நேரத்தில் நான் வரிசை வரிசையாக எண்ணி முடித்துவிட்டேன். எண்பத்தொன்பது. என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளை சொன்னதை முப்பத்தைந்து வயதுக்காரி சொல்லவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். பாடத்திட்டத்துக்கு மாறான தவறான முறையில் கணக்குக் கற்பித்தேன், அதனால் என் மாணவி அதிகாரி முன்னால் பொய்யான எண்ணிக்கை சொன்னாள், இனி அப்படி நடக்காது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மாற்றல். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் நல்லவர், பயந்தவர். "பையனுக்கு எட்டு வயசு. உன்னையத் தூக்கி எங்கியாச்சும் போட்டா இவன யாரு பாப்பா? ஒரு கையெழுத்துத்தானே, போட்டுக் குடுத்துரு" என்றார். போட்டுக் கொடுத்தேன். அறைக்குள்ளே கொடுத்த தாள் அறைக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை வணக்கத்தில், பள்ளி முழுக்க நிற்கும்போது, தலைமையாசிரியர் அதைச் சத்தமாகப் படித்தார். ஜைனம்புவை முன்னால் நிறுத்தினார். "எத்தனை பேரு சாப்பிட்டாங்க? நூத்தி நாப்பத்திரெண்டுன்னு சொல்லு" என்றார். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்று மத்தியானம் வரை அவள் வெயிலில் நின்றாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவோடு கம்பெனிக்குப் போய் பனியனில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். காத்திருந்தேன். காதர் பாய் வந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. "டீச்சருங்க, ஒண்ணு கேக்கறேன். எம்புள்ள சொன்னது பொய்யுங்களா?" "இல்லீங்க பாய்." "அப்புறம் பொய்யின்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களாமே?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "படிக்கறதுக்குத்தானுங்க அனுப்பிச்சேன். பாத்தத மாத்திச் சொல்றதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? அத வெளியிலயே கத்துக்கலாம்" என்றார். அதற்குள் ஜைனம்புவும் அவள் அம்மாவும் வந்துவிட்டார்கள். அவள் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. வாசலிலேயே நின்று என்னைக் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்கு நீங்க எண்ணுனீங்களா?" "எண்ணுனேன் கண்ணு. எம்பத்தொம்பது." அவள் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்ப நான் சொன்னது பக்கம்தானே?" என்றாள். அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. தன் கண்ணை நம்பலாமா, கூடாதா என்று.

அவள் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. நூற்று நாற்பத்திரண்டு என்பதைப் பார்: அசையாத எண், சுத்தமான கையெழுத்து, கீழே முத்திரை. தொண்ணூறுக்குப் பக்கம் என்பதைப் பார்: ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம் என்று தானே ஒப்புக்கொள்கிற பேச்சு. பெரியவர்கள் எல்லோரும் முதலாவதை நம்பினோம். நம்பினோம் என்றுகூடச் சொல்ல முடியாது. நம்புவதாக நடித்தோம்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆறு நாளும் சாப்பாட்டு நேரத்தில் நான் முற்றத்தில் நின்று வாய்விட்டு எண்ணினேன். யார் என்ன நினைத்தாலும் சரி என்று எண்ணினேன். தொண்ணூற்றிரண்டுக்கு மேல் ஒருநாளும் போகவில்லை. அந்த எண்ணிக்கைகளை எழுதி, நான் கொடுத்த கையெழுத்து பயத்தில் கொடுத்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன், என் மாணவி சொன்னது உண்மை, நான் கற்பித்த முறையும் சரி, தொடர்ந்து அப்படித்தான் கற்பிப்பேன் என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த முறை உன் அப்பாவிடம் கேட்கவில்லை. எழுதி முடித்துக் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் உறையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ரிஜிஸ்தர் தபால்ல போடோணும். நீ பள்ளிக்கூடம் போ, நான் வரிசையில நின்னுக்கறேன்" என்றார். பயந்தவர் என்று மேலே எழுதினேனே, இதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

மாற்றல் உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது, மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு. அப்பாவுக்கு இங்கே கம்பெனியில் வேலை. உனக்கு இங்கே பள்ளி. நான் மட்டும் போனேன். நாலு வருஷம் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பினேன். உனக்கு அம்மை போட்டதை அப்பா எனக்குத் தெரிவிக்கவில்லை, பயந்துவிடுவேன் என்று. சனிக்கிழமை நான் வந்தபோது வேப்பிலைப் படுக்கையில் நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். "உங்க ஊருக்கே போங்க" என்றாய். அன்றைக்கே உன்னை மடியில் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியாது என்று நினைத்தேன். உன் வயதுப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் புரிந்துகொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்படி நினைத்தேன். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், கண்ணு. சொல்லாமல் விட்டதற்கு மட்டும்தான். போனதற்கு இல்லை. மறுபடி அந்த உத்தரவு வந்தால் மறுபடி பஸ் ஏறுவேன்.

அந்தக் கடிதத்தால் என்ன ஆயிற்று என்று கேட்பாய். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு என்று வந்த அரிசியில் மீதி எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கொஞ்ச நாளில் பதிவேட்டில் எண்ணிக்கை தொண்ணூறுக்கு இறங்கியதாம். சோறு ஏறியதாம். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் காதர் பாயைப் பார்த்தபோது அவர்தான் சொன்னார். "இப்ப ரெண்டாந்தரமும் போடறாங்களாமுங்க டீச்சர். பாப்பா மறுபடி போகுதுங்க." அந்தக் கடிதத்துக்காக எனக்கு நிறுத்தப்பட்ட ஊதிய உயர்வைப் பற்றி நீ அவ்வப்போது வருத்தப்படுவாய். இரண்டாம் தரம் சோறு வாங்கிய அத்தனை பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் எனக்கு அது மலிவாகத்தான் முடிந்திருக்கிறது.

இனி உன் வேலையைப் பற்றி ஒன்று. உன்னிடம் பதிவேடுகளை நீட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும், பொருந்தும்படிதான் எழுதியிருப்பார்கள். அதைத் திறப்பதற்கு முன்னால் வகுப்பறையை ஒருமுறை பார். முற்றத்தைப் பார். உன் மனதுக்கு எவ்வளவு என்று படுகிறதோ அதை உனக்குள் சொல்லிக்கொள். பிறகு திற. கூட்டல் தெரிந்தவர்கள் உன் துறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடை இவ்வளவு பெரிதாக இருக்க முடியாதே என்று திடுக்கிடுகிறவர்கள் குறைவு. அப்படித் திடுக்கிட்டுக் கையைத் தூக்குகிற பிள்ளையோ டீச்சரோ உன் எதிரில் நின்றால், கடிகாரத்தைப் பார்க்காதே.

விழா வெள்ளிக்கிழமை, அதே பள்ளியில், அதே முற்றத்தில். கடைசி ஆறு வருஷம் அங்கேயே திரும்பி வந்து வேலை பார்த்தேன், உனக்குத் தெரியும். உன் பதவிக்கு உரிய நாற்காலியை மேடையில் போடுவார்கள். வருவதும் வராததும் உன் விருப்பம். வராவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். சாப்பாட்டை எடுத்து வைத்திருப்பேன். ஆனால் நான் என்ன பேசப் போகிறேன் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள். தலைகுனிந்து நான் எழுதிய தாளைப் பள்ளி முழுக்கக் கேட்டது. அதைத் திரும்பப் பெற்று நான் எழுதியதை ஒருவரும் கேட்கவில்லை. ஏதோ அலுவலகத்தில் ஏதோ காகிதக் கட்டுக்குள் கிடக்கிறது. அதன் நகல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைத்தான் படிக்கப் போகிறேன், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

ஜைனம்புவின் வீட்டுக்கு நேற்றுப் போய் அழைத்துவிட்டு வந்தேன். ஒரு பனியன் கம்பெனியில் தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங் வேலை, இரண்டு குழந்தைகள். "நானெல்லாம் அங்க வந்து உக்காரலாமுங்களா டீச்சர்? அதிகாரிங்கெல்லாம் வருவாங்களே" என்றாள். "முன்வரிசையில நடு நாற்காலி உனக்குத்தான்" என்று அவளிடம் சொன்னேன். அரைநாள் லீவு சொல்லிவிட்டாள். மைக் வேண்டாம், சின்ன விழாதானே என்றார்கள் பள்ளியில். நானே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு குழாய் ஒலிபெருக்கி. ஒன்றை முற்றத்தைப் பார்த்தும், ஒன்றைத் தெருவைப் பார்த்தும் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா